சேதமில்லா நிறமாலை ஆய்வும் துருக்கிய-இஸ்லாமியக் கலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பொருள்களைப் பற்றிய பக்கம் இது?

அனத்தோலியாவில் செல்ஜூக்கியர் ஆட்சி தொடங்கி உஸ்மானியப் பேரரசு முடியும்வரை உருவானவை. கோன்யா, பூர்சா, எடிர்னே, இஸ்தான்புல் நகரங்களின் பள்ளிவாசல், மதரசா, கல்லறை மாடச் சுவர்களில் பதித்த மெருகு ஓடுகள். இஸ்னிக், கூத்தாஹ்யா பட்டறைகளின் பாண்டங்கள். குர்ஆன் படிகள், ஓவியச் சுவடிகள். கம்பளம், பட்டு, பொன்முலாம் பூசிய செம்புப் பாத்திரங்கள். ஓடுகளுக்கும் ஏடுகளுக்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பொருளை வெட்டாமல் ஒளியாலும் கதிராலும் அளக்கும் இந்த ஆய்வுமுறை அதிகப் பயன் தந்திருப்பது அவற்றில்தான்.

சிறு துணுக்கு ஒன்றை எடுத்து ஆய்வகத்தில் சோதித்தால் என்ன?

உடைந்த சில்லாக இருந்தால் செய்யலாம். இஸ்னிக்கில் 1960களில் ஒக்தாய் அஸ்லானாபா தொடங்கிய அகழாய்வுகளில் சூளைக் கழிவுகளும் சில்லுகளும் கிடைத்தன. இப்படிப்பட்ட சில்லுகளை வெட்டி, தேய்த்து, மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததால்தான் ஓட்டின் உள்ளமைப்பு நமக்குத் தெரிய வந்தது. அந்த அடிப்படை அறிவு இல்லாமல் இன்றைய கைக்கருவி காட்டும் எண்களுக்குப் பொருளே இல்லை.

ஆனால் ருஸ்தம் பாஷா பள்ளிவாசல் சுவரில் 1560களிலிருந்து முழுதாக நிற்கும் ஓட்டில் அதைச் செய்ய யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஓதப்பட்டு வந்த குர்ஆன் ஏடு என்றால் இன்னும் கூடுதலான மரியாதை தேவை. இன்னொரு காரணமும் உண்டு. துணுக்கு, எடுத்த இடத்தைப் பற்றி மட்டுமே பேசும். தொடாமல் அளக்கும்போது ஒரே பக்கத்தில் ஐம்பது இடங்களைப் பார்க்கலாம்; எந்தப் பூ முதலில் வரைந்தது, எது பின்னாளில் யாரோ தீட்டியது என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும்.

என்னென்ன கருவிகள் பயன்படுகின்றன?

எக்ஸ்கதிர் ஒளிர்வுக் கருவி முதலாவது. பொருளின்மேல் எக்ஸ்கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ்கதிரைத் திருப்பி உமிழும். ஈயம், செம்பு, இரும்பு, கோபால்ட், பாதரசம், பொன் எல்லாம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எந்தத் தனிமம் என்று சொல்லுமே தவிர, அது எந்தச் சேர்மமாக இருக்கிறது என்று சொல்லாது.

அந்த இடத்தை நிரப்புவது ராமன் நிறமாலை. லேசர் ஒளி பொருளில் பட்டுச் சிதறும்போது மிகச் சிறு பங்கு தன் ஆற்றலை மாற்றிக்கொண்டு வெளிவருகிறது. அந்த மாற்றம் மூலக்கூறின் அதிர்வுகளைப் பொறுத்தது. 1928இல் கல்கத்தாவில் இதைக் கண்டறிந்தவர்கள் திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும். ராமனுக்கு 1930இல் நோபெல் பரிசு கிடைத்தது. அன்று பாதரச விளக்கும் ஒளிப்படத் தகடும் பல மணி நேரக் காத்திருப்பும் தேவைப்பட்ட அளவீட்டை, இன்று ஒரு தோள்பையில் எடுத்துப்போய் இஸ்தான்புல் பள்ளிவாசல் சுவரருகே செய்ய முடிகிறது. எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

எதிரொளிப்பு நிறமாலை மூன்றாவது. ஒளியிழை வழியே வெள்ளொளியை அனுப்பி, எந்த அலைநீளங்கள் உறிஞ்சப்படுகின்றன என்று பார்ப்பது. சாயங்களுக்கும் நீல நிறமிகளுக்கும் இது மிக நல்லது. நான்காவதான அகச்சிவப்பு நிறமாலை பசை, மெழுகு, பழைய பழுதுபார்ப்பில் பூசிய பிசின்கள், உப்புகள் ஆகியவற்றை இனங்காட்டும்.

இஸ்னிக் ஓட்டில் இவை எதைக் காட்டுகின்றன?

ஓடு எப்படிச் செய்யப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டு இஸ்னிக் ஓடு பெயருக்குத்தான் சுட்ட மண். அதன் உடலில் ஏறத்தாழ 90 விழுக்காடு சிலிக்கா. பொடித்த குவார்ட்ஸுடன் கொஞ்சம் வெண்களிமண்ணும், உருக்கி அரைத்த கண்ணாடித் தூளும் சேர்த்துப் பிசைந்தது. அதன்மேல் இன்னும் தூய்மையான குவார்ட்ஸ் கொண்ட வெண்பூச்சு. பூச்சின்மேல் ஓவியம். எல்லாவற்றுக்கும் மேலே ஈயமும் சோடாவும் கலந்த தெளிந்த மெருகு, அதாவது கண்ணாடிப் பூச்சு.

அந்த மெருகில் சில விழுக்காடு வெள்ளீயமும் (டின்) இருக்கிறது. எக்ஸ்கதிர் கருவி அதைக் காட்டியதும், "ஐரோப்பிய மயோலிகா மண்பாண்டம் போல வெள்ளீயத்தால் வெண்மையாக்கிய மெருகு" என்று எழுதிவிடத் தோன்றும். ராமன் கருவியை வைத்தால் கதை மாறும். வெள்ளீய ஆக்சைடு படிகமாக இருந்தால் 633, 775 செ.மீ.⁻¹ இடங்களில் கூர்முனைகள் எழ வேண்டும் (ஒளியின் ஆற்றல் மாற்றத்தை அளக்கும் அலகு இது; கீழே வரும் ராமன் எண்களெல்லாம் இந்த அலகில்தான்). நல்ல இஸ்னிக் மெருகில் வெள்ளீயத்தின் பெரும்பகுதி கண்ணாடிக்குள் கரைந்தே கிடக்கிறது. ஆக, நாம் பார்க்கும் அந்தப் பால் வெண்மை அடியில் இருக்கும் பூச்சின் வெண்மை. மெருகு அதை மறைக்காமல் காட்டுகிறது. ஒரு தனிமத்தின் இருப்பும் அது செய்யும் வேலையும் வேறுவேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அடுத்தது அந்தப் புகழ்பெற்ற சிவப்பு. 1557இல் கட்டி முடிந்த சுலைமானியாப் பள்ளிவாசலின் ஓடுகளில் அது தலைகாட்டுகிறது. விரலால் தடவினால் புடைப்பாகத் தெரியும் அளவுக்குத் தடிமனாக அப்பியிருப்பார்கள். இரும்பு மிகுந்த செம்மண்தான் மூலப்பொருள். ராமன் நிறமாலையில் ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடின் முனைகள் 225, 292, 410 அருகே வரும். கூடவே குவார்ட்ஸின் 464. ஹெமடைட் மெருகில் கரைந்துபோனால் சிவப்பு பழுப்பாகிவிடும். கரையாமல் காப்பாற்றியதில்தான் அந்தக் கைவினைஞர்களின் திறமை இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பட்டறைகள் நலிந்தபோது முதலில் மங்கியவற்றுள் இந்தச் சிவப்பும் ஒன்று.

மெருகைப் பற்றி ராமன் இன்னொன்றும் சொல்லும். கண்ணாடியில் கூர்முனைகள் இராது, 500 செ.மீ.⁻¹ அருகிலும் 1000 அருகிலும் இரண்டு அகன்ற மேடுகள் இருக்கும். அவற்றின் பரப்பு விகிதம், சிலிக்கா வலைப்பின்னல் எவ்வளவு அடர்த்தி என்பதைக் காட்டும். அதிலிருந்து மெருகின் வகையையும், அது உருகிய வெப்பநிலை ஏறக்குறைய எந்த அளவில் இருந்திருக்கும் என்பதையும் ஊகிக்கலாம். சோடியத்தின் மெல்லிய எக்ஸ்கதிர் காற்றைக் கடக்குமுன் உறிஞ்சப்பட்டுவிடுவதால் கைக்கருவி அதைத் தவறவிடும். அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வது இந்த விகிதம்தான்.

எக்ஸ்கதிர் கருவி திரையில் "கோபால்ட் இல்லை, ஆர்சனிக் உண்டு" என்று எழுதிக் காட்டினால் நம்பலாமா?

உடனே நம்ப வேண்டாம். தனிமம் உமிழும் எக்ஸ்கதிரின் ஆற்றலைக் 'கோடு' என்பார்கள். கோபால்ட்டின் முதன்மைக் கோடு 6.93 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டில் வரும்; இரும்பின் இரண்டாம் கோடு 7.06இல். இரும்பு நிறைய இருந்தால் சிறிதளவு கோபால்ட் அதன் நிழலில் மறைந்துபோகும். ஆர்சனிக்கும் ஈயமும் இன்னும் மோசம்: 10.54, 10.55. கருவியால் பிரிக்கவே முடியாத நெருக்கம்.

இது ஏன் முக்கியம்? நீலத்துக்குப் பயன்பட்ட கோபால்ட் தாது எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று தேடுபவர்கள் ஆர்சனிக், நிக்கல் போன்ற துணைத் தனிமங்களைத்தான் பார்க்கிறார்கள். இஸ்னிக் மெருகோ ஈயம் நிறைந்தது. ஆர்சனிக்கின் 11.73 கோட்டைத் தனியே தேடிப் பார்க்காமல், கருவியின் தானியங்கிப் பட்டியலை அப்படியே அட்டவணையாக்கினால் பிழையான சுரங்கத்துக்குத்தான் போய்ச் சேர்வோம். எதிரொளிப்பு நிறமாலை இங்கே கைகொடுக்கும். கண்ணாடியில் கரைந்த கோபால்ட் 540, 590, 640 நானோமீட்டர் அருகே மூன்று உறிஞ்சல் பட்டைகளைக் காட்டும். அந்த மூன்றும் தெரிந்தால் நீலம் கோபால்ட்டால் வந்தது என்பதில் ஐயமில்லை.

செல்ஜூக்கிய ஓடுகளின் நீலப்பச்சையும் உஸ்மானியப் பச்சையும் வேறு வேறு நிறமிகளா?

இரண்டிலும் நிறம் தருவது செம்புதான். சோடா போன்ற காரம் மிகுந்த மெருகில் செம்பு நீலப்பச்சையாகும். ஈயம் மிகுந்த மெருகில் பச்சையாகச் சாயும். கோன்யாவில் 1251இல் எழுந்த கராதாய் மதரசாவின் குவிமாடத்தைப் பார்த்தவர்கள் அந்த நீலப்பச்சையை மறக்கமாட்டார்கள். அங்கே கருமைக்குப் பக்கத்தில் நிற்கும் ஊதா மாங்கனீஸின் வேலை.

பெய்ஷெஹிர் ஏரிக்கரையில் இருந்த குபாதாபாத் அரண்மனை ஓடுகளில் சில உலோகப் பளபளப்பு கொண்டவை. அந்தப் பளபளப்பு, மெருகின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே உள்ள வெள்ளி, செம்பு நானோ துகள்களால் வருகிறது. எதிரொளிப்பு நிறமாலையில் வெள்ளித் துகள்கள் 400 நானோமீட்டருக்குச் சற்று மேலும், செம்புத் துகள்கள் 560-570 அருகிலும் ஒளியை உறிஞ்சுவதைக் காணலாம். ஓடு ஓரமும் உடையாமல் இந்தத் தகவல் கிடைக்கிறது.

கையெழுத்துச் சுவடிகளில் எந்த நிறமிகளை எதிர்பார்க்கலாம்?

பாதரசச் சிவப்பான சாதிலிங்கம் ராமன் நிறமாலையில் 252, 343 என்ற இடங்களில் வரும். சிந்தூரம் என்னும் ஈயச் சிவப்புக்கு 549. ஆப்கானிஸ்தானின் படக்‌ஷானிலிருந்து வந்த லாபிஸ் நீலக்கல்லுக்கு 548. சிந்தூரத்தின் எண்ணும் லாபிஸின் எண்ணும் ஏறக்குறைய ஒன்றே என்றாலும், ஒன்று சிவப்பு, மற்றது நீலம் என்பதால் கண் பிரித்துவிடும். இவற்றோடு ஆர்சனிக் மஞ்சளான அரிதாரம், அவுரி, ஈய வெள்ளை, செம்புப் பச்சைகள். எப்ரு என்ற நீர்மேல் வண்ணக் கலையிலும் அரிதார மஞ்சளும் லாகூர் அவுரியும் மரபாகப் பயன்பட்டவை.

மையைப் பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டும். உஸ்மானிய எழுத்துக்கலைஞர்களின் நல்ல மை புகைக்கரியும் வேலம்பிசினும் சேர்ந்தது. சுலைமானியாவில் எண்ணெய் விளக்குகளின் புகை தலைவாசலுக்கு மேலுள்ள அறையில் படியும்படி கட்டடக்கலைஞர் சினான் காற்றோட்டத்தை அமைத்தார், அந்தக் கரியை வழித்தெடுத்து மை செய்தார்கள் என்பது இஸ்தான்புல்லில் எல்லாரும் சொல்லும் செய்தி. கரி மையை இனங்காண்பது எளிது. அகச்சிவப்பு ஒளிப்படத்தில் கரி மை கருப்பாகவே நிற்கும். மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்யும் மை வெளிறி மறையும். ராமனில் கரிக்கு 1350, 1590 அருகே இரண்டு அகன்ற பட்டைகள் வரும். ஒரே வரியில் பாதி எழுத்து அகச்சிவப்பில் மறைந்தால், அந்தப் பாதியைப் பின்னாளில் வேறொரு கை எழுதியிருக்கலாம்.

ஏட்டின் மேற்பரப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆஹார் என்ற மேற்பூச்சு மாவுப்பசை அல்லது முட்டைவெண்கருவும் படிகாரமும் கொண்டது. பூசிக் காயவைத்து, கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். லேசர் பட்டால் இந்தப் புரதமும் மாவும் தாமே ஒளிர்ந்து ராமன் சமிக்ஞையை மூழ்கடிக்கும். 785 நானோமீட்டர் போன்ற நீண்ட அலைநீள லேசருக்கு மாறினால் பெரும்பாலும் தொல்லை குறையும்.

பச்சைக் கோடு போட்ட இடத்தில் மட்டும் தாள் கிழிந்திருக்கிறதே, ஏன்?

செம்புக் களிம்பிலிருந்து செய்த பச்சை தாளின் நாரை அரிக்கும். முதலில் பின்பக்கத்தில் பழுப்பு நிழல் தெரியும். பிறகு பக்கம் அந்தச் சட்டகக் கோடு வழியே கத்தரித்ததுபோல் விழும். பாரசீக மரபில் இந்தப் பச்சையோடு குங்குமப்பூ சேர்க்கும் வழக்கம் இருந்தது. அப்படிச் செய்த பக்கங்களில் அரிப்பு குறைவாக இருப்பதைக் காப்பாளர்கள் கவனித்திருக்கிறார்கள்.

எக்ஸ்கதிர் கருவியில் செம்பு வலுவாக வந்து, பின்பக்கத்தில் பழுப்பும் இருந்தால் அந்தப் பக்கத்தை ஈரமான எந்தச் சிகிச்சைக்கும் உட்படுத்தக் கூடாது. செம்பு அயனிகள் ஈரத்தில் நகர்ந்து, நல்ல தாளையும் கெடுக்கும். கருவி காப்பாளரின் கையைத் தடுத்து நிறுத்தும் தருணம் இது. புதிதாக எதையும் கண்டுபிடிப்பதைவிட இதையே இந்த ஆய்வின் பெரும்பயன் என்று நினைக்கிறேன்.

போலியையும் பிற்காலப் பழுதையும் பிரிக்க முடியுமா?

பல நேரம் முடியும். சில நிறமிகளுக்குப் பிறந்த காலம் உண்டு. பிரஷ்ய நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவானது. ராமனில் 2154 அருகே எழும் அதன் முனையை வேறெதனோடும் குழப்ப முடியாது. தாலோசயனின் நீலம் 1930களில் சந்தைக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டுச் சுவடியின் ஆகாயத்தில் இவற்றில் ஒன்று இருந்தால் அந்தத் தீட்டல் பிந்தியது.

டைட்டானியம் வெள்ளையில் எச்சரிக்கை வேண்டும். நிறமியாக அது முதல் உலகப்போரை ஒட்டிய காலத்தில்தான் தயாரானது. ஆனால் அதே டைட்டானியம் ஆக்சைடு இயற்கையான வெண்களிமண்ணில் நுண்துகளாகவே இருக்கிறது, ராமனிலோ கொஞ்சம் இருந்தாலும் 144 அருகே ஓங்கித் தெரியும். ஓர் ஓட்டின் வெண்பூச்சில் அதைக் கண்டதும் போலி என்று முடிவு கட்டினால் நல்ல பொருள் ஒன்றுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். செயற்கை லாபிஸ் நீலமும் இப்படித்தான்: 1820களில் பிறந்த அதுவும் 548ஐயே காட்டும். இயற்கைக் கல்லோடு வரும் துணைக் கனிமங்களைத் தேடித்தான் பிரிக்க வேண்டும்.

ஓடுகளில் மாற்றுப்படிகளும் பல. அயாசோஃபியா வளாகத்தில் இரண்டாம் செலிமின் கல்லறை மாடத்து வாசலருகே இருந்த ஓட்டுப் பலகை ஒன்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசுக்குப் போய் இன்று லூவரில் இருக்கிறது. அதன் இடத்தில் பிரான்சில் செய்த படி நிற்கிறது. நிறம் மங்கிய அந்தப் படியைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். அந்தப் பலகை திரும்பி வர வேண்டும் என்று துருக்கி கேட்பதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. பாரிசின் சாம்சன் பட்டறை, ஃபுளோரன்ஸின் கந்தகல்லி பட்டறை ஆகியவையும் அந்த நூற்றாண்டில் இஸ்னிக் பாணியில் பாண்டங்கள் செய்தன. இவற்றில் கண் ஏமாறலாம். உடலின் சேர்க்கையும் மெருகின் ராமன் மேடுகளும் ஏமாறுவது கடினம்.

லேசரும் எக்ஸ்கதிரும் பொருளைக் கெடுக்காதா?

கவனமில்லாவிட்டால் கெடுக்கும். "சேதமில்லா" என்ற பெயர் கருவிக்குக் கிடைத்த நற்சான்று அல்ல, பயன்படுத்துபவரின் பொறுப்பு. குவித்த லேசர் ஒரு புள்ளியைச் சுடவைக்கும். ஆர்சனிக் சிவப்பான மனோசிலை, பச்சை அல்லது சிவப்பு லேசர் ஒளியிலேயே மஞ்சளான வேறொரு வடிவமாக மாறத் தொடங்கும். கருத்துப்போன ஈய நிறமியில் உள்ள ஈய டைஆக்சைடு லேசர் சூட்டில் சிந்தூரமாகவும் மஞ்சள் ஈய ஆக்சைடாகவும் மாறும். நாம் அளப்பது கலைஞர் பூசியதை அல்ல, நாமே உண்டாக்கியதை. ஆகவே மில்லிவாட்டின் சிறு பகுதியிலிருந்து தொடங்கி, நிறமாலை மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும்.

லேசர் துடிப்பால் பொருளை ஆவியாக்கிப் பார்க்கும் முறையையும் சிலர் சேதமில்லாதது என்று எழுதுகிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத அளவிலாவது ஒரு குழியை விட்டுவிடும். ஏட்டில் வேண்டவே வேண்டாம்.

எக்ஸ்கதிரைப் பொறுத்தவரை, மெல்லிய ஏட்டை அது ஊடுருவிப்போய் அடுத்த பக்கத்து மையையும் சேர்த்துப் படிக்கும். அளக்கும் பக்கத்துக்கு அடியில் தடுப்பாக ஒரு தகட்டைச் செருகி, அந்தத் தகட்டின் சமிக்ஞையைத் தனியே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். கருவி பிடிப்பவரின் பாதுகாப்பு விதிகள் தனி. அவற்றில் சமரசம் கிடையாது.

கம்பளம், பட்டு?

நிறமாலை இங்கே பாதி வழிதான் வரும். மஞ்சிட்டி இனச் சிவப்பையும், பூச்சிகளிலிருந்து எடுத்த கோச்சினீல், அரக்குச் சிவப்புகளையும் எதிரொளிப்பு நிறமாலை பிரித்துக்காட்டும். அவுரி நீலத்தை எளிதில் அடையாளம் காணும். எந்தப் பூச்சி, எந்த மஞ்சள் செடி என்ற கேள்விக்குச் சாயத்தைக் கரைத்துக் கூறுகளாகப் பிரிக்கும் நீர்மநிறப்பகுப்பு வேண்டும். அதற்கு மில்லிமீட்டர் கணக்கில் நூல் தேவை. கம்பளத்தின் பின்பக்கத்தில் ஏற்கெனவே பிரிந்த இழை இருந்தால், உரிமையாளரின் எழுத்து அனுமதியோடு எடுக்கலாம்.

பொன்னிறச் செம்புப் பொருள்கள்?

தொம்பாக் என்பவை பாதரசம் கலந்த பொன்னைப் பூசி, சூட்டில் பாதரசத்தை ஓட்டிய செம்புப் பாத்திரங்கள். எக்ஸ்கதிர் கருவியில் பொன்னோடு பாதரசமும் தெரிந்தால் முறை உறுதி. பூச்சின் விழுக்காட்டை மட்டும் திரையிலிருந்து எழுதாதீர்கள். கதிர் பூச்சையும் அடிச்செம்பையும் கலந்தே படிக்கிறது.

சுவரிலுள்ள ஓடுகளைக் காப்பதில் இதன் நேரடிப் பயன் என்ன?

ஓடுகளின் பெரும்பகை உப்பு. சுவரில் ஏறும் ஈரம் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து, மெருகுக்கும் உடலுக்கும் நடுவே படிகமாக்கும். படிகம் வளர வளர மெருகு செதிலாகப் பெயரும். எந்த உப்பு என்று தெரிந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஜிப்சத்துக்கு ராமனில் 1008, சோடியம் சல்பேட்டுக்கு 993, பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு 1050. சல்பேட் உப்புகள் நிறைந்திருந்தால் 20ஆம் நூற்றாண்டில் பழுதுபார்க்கப் பயன்பட்ட சிமெண்டைச் சந்தேகிக்க வேண்டும். நைட்ரேட் என்றால் நிலத்து ஈரமும் கழிவுநீரும்.

இதற்கேற்பச் சிகிச்சையும் மாறும். சிமெண்டுதான் காரணம் என்றால் அதைப் பொறுமையாக நீக்கிச் சுண்ணாம்புக் கலவைக்கு மாற வேண்டும். நிலத்து ஈரம் என்றால் ஓட்டில் கைவைப்பதற்கு முன் கூரையையும் வடிகாலையும் பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் மேலே பிசின் பூசி ஒட்டிவைத்தால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, அடுத்த தலைமுறைக்கு இன்னும் பெரிய வேலை வைக்கும். பழைய பழுதில் பூசியது அவலரக்கா, எப்பாக்சியா என்பதை அகச்சிவப்பு நிறமாலை சொல்லிவிடும். எதைக் கரைக்க எந்தக் கரைப்பான் என்பது அதைப் பொறுத்தது.

ஒரே ஒரு நாள் அனுமதி கிடைத்தால் எந்த வரிசையில் வேலை செய்வது?

முதல் இரண்டு மணி நேரம் கருவி எதையும் திறக்காதீர்கள். காப்பாளரோடு உட்கார்ந்து, அவருக்கு எது தெரிய வேண்டும் என்று கேளுங்கள். பிறகு சாய்வொளியிலும் புறஊதாவிலும் அகச்சிவப்பிலும் படமெடுங்கள். பழுதான இடங்கள் பாதி அதிலேயே தெரிந்துவிடும். அந்தப் படங்களில் அளக்க வேண்டிய இடங்களைக் குறித்துக்கொண்டு எக்ஸ்கதிர், எதிரொளிப்பு அளவீடுகளை முடியுங்கள். ராமனைக் கடைசிக்கு வையுங்கள். அது மெதுவானது, அதிர்வையும் வெயிலையும் தாங்காது. எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தபின் வைத்தால்தான் நேரம் மிச்சமாகும். பள்ளிவாசலில் என்றால் தொழுகை நேரங்களைக் கணக்கிட்டுத் திட்டமிடுங்கள்; அந்த நேரத்தில் இடம் தொழுபவர்களுக்கு உரியது.

ஒவ்வோர் அளவீட்டுக்கும் இடத்தின் படம், லேசர் அலைநீளம், திறன், நேரம் ஆகியவற்றை எழுதி, திருத்தாத மூலத்தரவோடு சேர்த்து நிறுவனத்திடமே ஒரு படியை ஒப்படையுங்கள். இருபது ஆண்டு கழித்து அதே புள்ளியை அளப்பவருக்கு, நிறமி மாறியிருக்கிறதா என்று பார்க்க அந்தப் பதிவைத் தவிர வேறு வழி இல்லை.